வெர்லின் டாக்கெட் தேய்த்த துப்பாக்கி

வெர்லின் டாக்கெட் தன் முதல் துப்பாக்கியைக் குளிப்பாட்டினான். அறுபது வருஷத்துப் பழைய ரஷ்யத் துப்பாக்கி அது. கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்க ராணுவம் அதன்மேல் பழுப்பு நிற கிரீஸை அப்பி வைத்திருந்தது. இவன் அதைப் பிரித்து, மரக்கட்டையைக் குளியல் தொட்டியில் படுக்கவைத்து, கொதிக்கிற வெந்நீரை ஊற்றி, துணி சோப்புத்தூளையும் ஒரு கப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான். கிரீஸ் முழுக்க உருகித் தண்ணீர் போகிற குழாயில் இறங்கி, அங்கே போய் மறுபடியும் உறைந்துகொண்டது.

மறுநாள் காலை அவன் மனைவி நாடீன் என் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூட கேன்டீனில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். சாதாரணமாகக் கோபப்பட மாட்டாள்.

"கிளென்னா, குழாய் அடைப்பு எடுக்கிற கம்பி குடு. இருக்கறதுலயே நீளமானது. அடைப்பு எடுத்துட்டு மிச்சக் கம்பியால உன் கிளாஸ்மேட்டக் கட்டி ஆத்துல போடப்போறேன்."

"என்ன பண்ணான்?"

"என் தொட்டியில ரஷ்யாக்காரனக் குளிப்பாட்டிட்டான்."

ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஆணி, கம்பி, பெயின்ட் எது வேண்டுமென்றாலும் என் கடைக்குத்தான் வரவேண்டும். என் கணவர் மெர்ல் நடத்திய கடை. அவர் போனபிறகு நான் நடத்துகிறேன். கேட்டவர்களுக்குச் சாமானும் கேட்காதவர்களுக்கு யோசனையும் கொடுத்துப் பழகிவிட்டது. அந்த வாயால் வந்த வினையையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வெர்லினை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். என்னிடம் பென்சில் இரவல் வாங்கி, அதை மென்று தின்றுவிட்டு, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டவன். பிறகு முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். யார் மேலாவது இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்பான். யாராவது அவன்மேல் இடித்துவிட்டாலும் அவன்தான் கேட்பான். 2003-இல் ஓய்வு பெற்றான். ஆறே மாதத்தில், பழைய ராணுவத் துப்பாக்கி சேர்க்கப் போகிறேன் என்று வந்து நின்றான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "அடேய், நீ எலிப்பொறி வாங்கறப்பக் கூட எலிக்கு வலிக்குமான்னு கேட்டவன்டா. உனக்கு எதுக்குத் துப்பாக்கி?"

"சுடறதுக்கு இல்ல, கிளென்னா. தூக்கிப் பாக்கணும். எவ்வளவு கனம்னு தெரியணும்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். 1969-இல் எங்கள் வகுப்புப் பையன்கள் பதினொரு பேரை ராணுவ மருத்துவப் பரிசோதனைக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். சின்ன வயதில் வந்த அம்மைக்கட்டில் வெர்லினுக்கு வலது காது போயிருந்தது. அவனை மட்டும் அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்ற பத்துப் பேர் போனார்கள். என் மெர்லும் போனார். இரண்டு பேர் திரும்பவில்லை. திரும்பியவர்களும், மெர்ல் உட்பட, எதுவும் பேசவில்லை.

எங்கள் ஊரில் கால்பந்துப் போட்டியானாலும் சர்ச் விருந்தானாலும் ஆரம்பத்தில் ஒலிபெருக்கியில் ஒன்று சொல்வார்கள்: ராணுவத்தில் இருந்தவர்கள் எழுந்து நில்லுங்கள், நாங்கள் கைதட்டுகிறோம். எங்கள் வயது ஆண்கள் மொத்தப் பேரும் எழுந்திருப்பார்கள். நடுவில் வெர்லின் மட்டும் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டுவான். முப்பத்தைந்து வருஷம் இது நடந்தது. அவன் போருக்குப் போகாமல் தப்பித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ஒருநாள்கூட அவனிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பழம்பொருள் சேகரிப்பவருக்கு என்று அரசாங்கத்தில் தனி லைசென்ஸ் உண்டு. மனுப்போட்டு, ஒரு நகலை ஷெரீஃபுக்கும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வந்துவிடும். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பார்சல் வண்டிக்காரரே வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். வெர்லினுக்கு முதலில் வந்தது அந்த ரஷ்யத் துப்பாக்கி. அடுத்து 2004 அக்டோபரில் வந்தது ஸ்விட்சர்லாந்துத் துப்பாக்கி. என் கதை இரண்டாவதைப் பற்றியது.

அதன் இரும்பைப் பார்க்கவேண்டுமே! போன வாரம் செய்ததுபோல் இருந்தது. போல்ட்டைத் திருப்பக்கூட வேண்டாம். நேராகப் பின்னால் இழுத்தால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்துவிடும். ஆனால் மரக்கட்டைதான் பார்க்கச் சகிக்கவில்லை. தோளில் வைக்கிற பின்பகுதி முழுக்கக் கொத்தும் குழியுமாக, ஈரத்தில் கறுத்துப்போய், நாய் கடித்துப் போட்டதுபோல் இருந்தது. வெர்லின் கட்டையை மட்டும் கழற்றிப் பழைய போர்வையில் சுற்றிக் கடைக்கு எடுத்துவந்தான்.

"பாவம், எப்படி வச்சிருந்திருக்காங்க பாரு. நான் இதைப் புதுசாக்கப் போறேன். அப்புறம் இதப் பாரேன், எவனோ ஆடு கீறி வச்சிருக்கான்."

கன்னம் படுகிற இடத்துக்குக் கீழே, கட்டைவிரல் நீளத்துக்கு, ஏதோ கூர்மையான ஒன்றால் ஆழமாகக் கீறிய ஆடு. கொம்பு வளைந்திருந்தது. நான் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆழமா இருக்கே. அதுக்கு எம்பதாம் நம்பர் உப்புத்தாள் போடு. அப்புறம் நூத்திருபது, கடைசியா இருநூத்தி இருபது. மேல ஆளிவிதை எண்ணெய் மூணு கோட். கண்ணாடி மாதிரி ஆயிடும்."

"ஆட்டையும் எடுத்துடணுமா?"

"பின்ன? வேலையத்தவன் கிறுக்கினதை வச்சு சாமியா கும்பிடப்போற?"

இதைச் சொன்னது நான்தான். உப்புத்தாளை எடுத்து உறையில் போட்டுக்கொடுத்ததும் நான்தான்.

ஆடு லேசில் போகவில்லையாம். மற்ற இடமெல்லாம் ஒரே நாளில் முடிந்துவிட்டது. ஆட்டுக்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. கராஜ் கதவைத் திறந்துவைத்து, வெளிச்சத்தில் மடியில் போட்டு, விரலில் தாளைச் சுற்றிக்கொண்டு கோடு கோடாகத் தேய்த்திருக்கிறான். கடைசியில் கட்டை தேன் நிறத்தில் மின்னியது. எனக்குக் காட்ட ஓடிவந்தான். நானும் உச்சி குளிரும்படி பாராட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை துப்பாக்கி கிளப்புக்கு அதை எடுத்துப்போனான். அங்கே லானி பெக்வித் இருந்தான். எங்கள் தபால்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும், வீட்டில் நாற்பது ராணுவத் துப்பாக்கி வைத்திருக்கிறான். வெர்லின் போர்வையைப் பிரித்ததும் லானி தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டானாம்.

"ஐயோ, என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க! தேய்ச்சிட்டீங்களா?"

"நல்லா வந்திருக்குல்ல?"

"நாசம் பண்ணிட்டீங்க! கிரீஸைத் துடைக்கலாம், அதோட கைய எடுத்துடணும். அந்தக் கொத்து, குழி எல்லாம் என்னன்னு நினைச்சீங்க? சிப்பாய்ங்க பனியில நின்னப்ப ஆணி அடிச்ச பூட்ஸ் மிதிச்சு விழுந்தது சார். அதுக்காகத்தான் நாம வாங்கறோம். மினுமினுன்னு வேணும்னா புதுசு வாங்கவேண்டியதுதானே?"

சுற்றி நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, இந்தத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள் பாதிப்பேர் செய்கிற தப்புதானாம் இது. லானியே தன் முதல் துப்பாக்கிக்கு வார்னிஷ் அடித்தவன்தான். வெர்லின் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டான். லானியிடம் கேட்டான், துப்பாக்கியிடமும் கேட்டான் என்று சொன்னார்கள்.

லானிக்கு இரக்கம் வந்துவிட்டது. "பின்னாடி தகட்டைக் கழட்டினீங்களா?"

"இல்ல. ஸ்க்ரூ வழுக்கிடுமோன்னு பயந்து, மேல டேப் ஒட்டிட்டுத் தேய்ச்சேன்."

"அப்பாடா. அந்த ஊர் சிப்பாய்ங்க அதுக்குள்ள பேர் எழுதி வைப்பாங்க. கழட்டிப் பாப்போம்."

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றியதும் கட்டைக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவில் நாலாக மடித்த சின்னக் காகிதம் இருந்தது. ஓரம் மஞ்சளாகியிருந்தது, எழுத்து மங்கவில்லை. அலோய்ஸ் ஹெர்கர். கீழே படைப்பிரிவின் எண், அப்புறம் ஒரு மலைக்கிராமத்தின் பெயர்.

வெர்லினால் அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை என்று நாடீன் சொன்னாள். துப்பாக்கிக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் நின்றிருக்கிறான், அவன் வீட்டு முகவரி இதோ இருக்கிறது. திங்கட்கிழமை என் கடைக் கல்லாவில் சாய்ந்துகொண்டு ஒரு கடிதம் எழுதினான். எழுத்துப் பிழையை நான் திருத்தினேன். உங்கள் துப்பாக்கி என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதைப் பற்றி ஏதாவது சொல்லமுடியுமா என்று நாலு வரி. அறுபது வருஷத்துக்கு முந்திய முகவரி. யார் இருக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் லானி தன் தபால் வண்டியைப் பாதி ரூட்டில் விட்டுவிட்டு, ஒரு கடிதத்தை உயர்த்திப் பிடித்தபடி என் கடைக்குள் ஓடிவந்தான். வெர்லின் அப்போது அங்கே ஒட்டடைக் குச்சி வாங்கிக்கொண்டிருந்தான். கையெழுத்து பழைய பாணியில் இருந்ததால் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னான். நான் சத்தமாகப் படித்தேன்.

எழுதியிருந்தது அலோய்ஸ் ஹெர்கரின் மகள் ரோஸ்லி. ஓய்வு பெற்ற ஆசிரியை.

"அன்புள்ள திரு. டாக்கெட் அவர்களுக்கு, என் அப்பா உயிரோடு இருக்கிறார். எண்பத்து நான்கு வயது. மூன்று வருடங்களுக்கு முன்புவரை அவரே மாடு கறந்துகொண்டிருந்தார். உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்துக்காட்டச் சொன்னார். தன் துப்பாக்கி அமெரிக்கா போயிருக்கிறது, தான் போனதில்லையே என்று சிரித்தார். பிறகு ஒன்று கேட்கச் சொன்னார். அதில் ஒரு வரையாடு இருக்கிறதா?

"போர்க்காலத்தில் அப்பாவும் அவர் சிநேகிதர் செப் இம்ஹோல்ஸும் கணவாய்க் காவலில் இருந்தார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க ஒரே குடிசை. அப்பாவின் பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்க அங்கே எதுவும் இல்லை. செப் ஒரு பூட்ஸ் ஆணியால் அப்பாவின் துப்பாக்கிக் கட்டையில் வரையாடு ஒன்றைக் கீறினார். ராணுவச் சொத்தில் கீறுவது குற்றம். சார்ஜென்ட் பார்த்துவிட்டார். தானே கீறியதாகச் சொல்லி அப்பா ஐந்து நாள் அறையில் அடைபட்டுக் கிடந்தார். அடுத்த மாதம் பனிச்சரிவில் செப் போய்விட்டார். மே மாதம்தான் கிடைத்தார். அவருக்கு இருபத்திரண்டு வயது.

"சேவை முடிந்தபோது அப்பா துப்பாக்கியை வீட்டுக்கே கொண்டுவந்திருக்கலாம். அப்போது அதைப் பார்க்க முடியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது பார்க்கவேண்டும் என்கிறார். அவர் கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. வசந்தகாலம்வரை பார்வை தாங்கினால் பெரிது என்கிறார் டாக்டர். வரையாட்டைப் படமெடுத்து, முடிந்த அளவு பெரிதாக அனுப்புவீர்களா?"

படித்து முடித்துக் கடிதத்தைக் கல்லாமேல் வைத்தேன். வெர்லின் ஒட்டடைக் குச்சியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். லானிக்கு ஆட்டைப் பற்றி எதுவும் தெரியாது. "இருக்கா சார்? ஆடு இருக்கா?" என்று சிறுபிள்ளை மாதிரி கேட்டான்.

வெர்லின் தன் வலதுகை விரல்களை விரித்துப் பார்த்தான். "நான் தேய்ச்சிட்டேன், லானி."

லானி இந்த முறை கத்தவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

வெர்லின் பத்து நாள் கடைப்பக்கமே வரவில்லை. நாடீன் வந்தாள். "சாப்பிடறான், தூங்கறான், கேட்டா பதில் சொல்றான். ஆனா கராஜ்ல போய் அந்தக் கட்டைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்துடறான். நீ வந்து ஏதாவது சொல்லு, கிளென்னா. நீ சொன்னா கேப்பான்."

நான் சொன்னால் கேட்பான் என்பதுதானே பிரச்சினையே! ஆனாலும் என் வாய் அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என் கணவர் மெர்லுடைய பழைய உளிப்பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். நாடீன் அடுப்பிலிருந்து இறைச்சி ரொட்டியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தேன்.

"இதோ பாரு வெர்லின். அழுதுட்டிருந்தா ஆடு வராது. அதே எடத்துல நாமளே ஒண்ணு கீறுவோம். கீறிட்டு, கொஞ்சம் காப்பித் தூளும் எண்ணெயும் தேச்சா பழசாயிடும். படம் எடுத்து அனுப்பு. கண்ணு தெரியாத கிழவருக்கு எந்த ஆடா இருந்தா என்ன? சந்தோஷமாப் போய்ச் சேருவாரு."

"அது பொய்யாச்சே, கிளென்னா."

"உண்மைய எழுதினா அவருக்கு என்ன கெடைக்கும்? சொல்லு. ஒரு ராத்திரி தூக்கம் கெடைக்குமா? உன் மனசு சுத்தமாகறதுக்காக அவரை அழவைக்கப் போறியா?"

நாடீன் கத்தியைக் கீழே வைத்தாள். "அவ சொல்றதும் ஒரு நியாயம்தான், வெர்லின்" என்றாள் மெதுவாக.

வெர்லின் பெட்டியிலிருந்து ஊசிமுனை உளி ஒன்றை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனான். நாங்கள் பின்னாலேயே போனோம். கட்டையை மடியில் போட்டான். கன்னம் படுகிற இடத்துக்குக் கீழே, தான் தேய்த்த இடத்தில் உளி முனையை வைத்தான். ஆனால் அழுத்தவில்லை. அப்படியே வைத்தபடி இருந்தான்.

"என்னால முடியல" என்றான். "எங்க ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியும். கொம்புலேர்ந்து ஆரம்பிச்சிருக்கான் அந்தப் பையன். அங்கதான் ஆழம் ஜாஸ்தி. ஆனா அது அவன் கை. பனியில உக்காந்து கீறின கை. அதுமேல நான் ஏறி உக்கார முடியாது."

உளியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அவன்மேல் இல்லை என்பதுகூட எனக்கு அப்போது புரியவில்லை.

சமையலறைக்குத் திரும்பியதும் நாடீனிடம் பெரிய தாளாக ஒன்று கேட்டான். கேன்டீனில் தட்டுக்கு அடியில் விரிக்கிற வெள்ளைத் தாள்தான் இருந்தது. தடித்த கறுப்புப் பேனாவால் வரைய ஆரம்பித்தான். வெர்லினுக்கு ஓவியமெல்லாம் வராது. பள்ளிக்கூடத்தில் அவன் வரைந்த குதிரையை டீச்சர் சோபா என்று நினைத்தாள். இப்போது அவன் வரைந்தது வேறு மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொள்வான், கட்டைவிரலால் மேஜைமேல் தேய்த்துப் பார்ப்பான், பிறகு ஒரு கோடு போடுவான். இரண்டு நாள் ஒவ்வொரு கோடாக அழித்த விரல் அது. எந்தக் கோடு எவ்வளவு நேரம் எதிர்த்து நின்றது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

முதல் கொம்பு. அதைவிடக் குட்டையாக இரண்டாவது கொம்பு. முதுகில் ஒரு இடத்தில் ஆணி சறுக்கிப்போன கோடு; அதையும் விடாமல் போட்டான். வயிறு. முன்னங்கால் இரண்டு. பின்னங்கால் ஒன்று. பேனாவை மூடினான்.

"இன்னொரு காலு எங்கடா?"

"இல்ல."

"என்ன இல்ல? நான் பாத்தேனே. நாலு காலும் இருந்துச்சு. கடைக் கல்லாமேல நீதானே வச்சுக் காட்டின?"

"மூணுதான், கிளென்னா."

"மூணு கால் ஆட்டை எவன்டா வரைவான்? பொறந்தநாள் பரிசு! நொண்டி ஆடா குடுப்பான்? உனக்கு மறந்துபோச்சு. அந்தக் கிழவர் இதப் பாத்தா, இவன் ஆட்டையும் அழிச்சான், காலையும் முழுங்கிட்டான்னு நினைப்பாரு. நாலாவதையும் போடு."

நாடீன் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வெர்லின் ஜென்மத்தில் என்னை எதிர்த்துப் பேசினவன் இல்லை. முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் போட மாட்டேன். நாலாவது கால் இருந்திருந்தா அதையும் நான் தேய்ச்சிருப்பேனே. தேய்க்கல."

நான் உளிப்பெட்டியை மூடினேன்.

கடிதத்தை அவனே எழுதினான். என்னிடம் பிழை திருத்த மட்டும் கொடுத்தான். "உங்கள் நண்பர் வரைந்த வரையாட்டை நான் என் கையால் தேய்த்து அழித்துவிட்டேன். அது என்னவென்று தெரியாமல் செய்தேன். தெரியாது என்பது சமாதானம் ஆகாது. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அழிப்பதற்கு முன் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதனால் எனக்கு நினைவிருக்கிறபடி வரைந்து அனுப்புகிறேன். நான் ஓவியன் இல்லை. துப்பாக்கி உங்களுக்கு வேண்டுமென்றால், அதை அனுப்ப என்னென்ன தாள்களில் கையெழுத்துப் போடவேண்டுமோ போடுகிறேன். என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும் கேட்கிறேன்."

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. கடைக்காரி சொன்னாள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். நான் நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் தபால்தலையை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க எல்லாருக்காகவும் மன்னிப்புக் கேட்டவன், இங்கேயும் எனக்குச் சேர்த்துக் கேட்டுவிட்டான். பிழை எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். உண்மையில் இரண்டு இருந்தன. எனக்குத் திருத்த மனம் வரவில்லை.

ஜனவரி போயிற்று. பிப்ரவரியும் போயிற்று. லானி தினமும் கடை வாசலைத் தாண்டும்போது தலையை ஆட்டிவிட்டுப் போவான், ஒன்றும் இல்லை என்று. வெர்லின் துப்பாக்கி சேர்ப்பதை விட்டுவிடப்போவதாகச் சொன்னான். ரஷ்யாக்காரனை லானிக்கே விற்றுவிடலாமா என்று கேட்டான். கிழவருக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, தன் கடிதம்தான் அவரைக் கொன்றதோ என்று அவனுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. எனக்கும்தான்.

மார்ச் இரண்டாம் வாரம் பதில் வந்தது. லானி அதைப் பெட்டியில் போடாமல் வெர்லின் வீட்டுக் கதவையே தட்டினான். வெர்லின் வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். நாடீனும் கேன்டீன் ஏப்ரனோடு கூடவே வந்தாள். படிக்க மூன்று பேருக்கும் பயம். கடைசியில் நான்தான் பிரித்தேன்.

"அன்புள்ள திரு. டாக்கெட் அவர்களுக்கு, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துக்காட்டியபோது அப்பாவுக்கு மிகுந்த கோபம் வந்தது. படத்தைப் பார்க்க மாட்டேன், அடுப்பில் போடு என்றார். இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை. நான் அதை அடுப்பில் போடவில்லை. மூன்றாம் நாள் மடித்து வைப்பதற்காக எடுத்தபோது, எனக்கே சொல்லிக்கொள்வதுபோல, பாவம், இந்த மனிதர் ஒரு காலை வரைய மறந்துவிட்டார் என்றேன்.

"அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எத்தனை கால், எத்தனை கால் என்று கேட்டார். மூன்று என்றேன். ஜன்னல் பக்கம் கொண்டுவரச் சொல்லித் தாளை மூக்குவரை வைத்துப் பார்த்தார். செப் நாலாவது காலைத் தொடங்குவதற்குள் சார்ஜென்ட் வந்துவிட்டாராம். இதை அவர் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. செப்பும் அவரும் மட்டுமே அறிந்தது. அந்த அமெரிக்கர் அதை உண்மையாகவே பார்த்திருக்கிறார் என்றார். முதுகில் ஆணி சறுக்கிய கோட்டைக் காட்டி, இது செப் தும்மியது என்றார். பிறகு அழுதார். பிறகு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"இப்போது அவருக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. படம் அவர் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. துப்பாக்கி உங்களிடமே இருக்கட்டும் என்கிறார். உங்களை மன்னித்துவிட்டாரா என்று கேட்டேன். அது தனக்கும் செப்புக்கும் நடுவில் பேசவேண்டிய விஷயம் என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்."

வெர்லின் தலையைக் குனிந்து நின்று அழுதான். மறைக்கவில்லை, துடைக்கவில்லை. நாடீன் ஏப்ரன் நுனியால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நான் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் பேச்சைக் கேட்டிருந்தால், காப்பித் தூள் தேய்த்த அழகான நாலுகால் ஆடு ஒன்று அந்தக் கிழவரிடம் போயிருக்கும். ஜன்னல் பக்கம் வைத்து, கண்ணில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் பார்த்திருப்பார். பார்த்த நொடியே தெரிந்திருக்கும். கடைசியாகக் கண்ணால் பார்த்தது ஒரு பொய் என்று தெரிந்தே இருட்டுக்குள் போயிருப்பார்.

"வெர்லின், எனக்கு நாலு கால் தெரிஞ்சுதேடா. சத்தியமா தெரிஞ்சுதே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் இடது காதை என் பக்கம் திருப்பிக் குனிந்தான். "என்ன சொன்ன?"

"மன்னிச்சுடுன்னு சொன்னேன்."

ஐம்பது வருஷம் ஆகப்போகிறது நாங்கள் பழக ஆரம்பித்து. அவன் முகத்தைப் பார்த்தால், அந்த வார்த்தையை இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை போலிருந்தது. என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நாடீனைத் திரும்பிப் பார்த்தான்.